சொல்லிக் கொடுப்பவர் கற்கும் பாடம்



ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் கல்லூரிக் கட்டண விண்ணப்பங்கள் குவிகின்றன. ஜகாத் நிதியிலிருந்தும் பொது நன்கொடையிலிருந்தும் இயன்ற அளவு கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கட்டணம் கட்டிய பிறகும் சில பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய் விசாரித்தால் பணம் காரணமாக இருப்பதில்லை. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர், அடுத்ததில் மூன்று, பிறகு வகுப்புக்குப் போகவே வெட்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, கல்லூரியில் ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாமல் பின்வரிசைக்கு நகர்கிறது. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அத்தாவும் அம்மாவும் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். பேராசிரியரிடம் போய்க் கேட்கவும் தைரியம் வருவதில்லை.

இந்தப் பிள்ளைக்குத் தேவை, அருகில் உட்கார்ந்து வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்க ஒருவர். அதே பாடத்தை ஓராண்டு, ஈராண்டு முன்னால் படித்து முடித்த மாணவர் அதற்குப் போதும். கல்லூரிகளில் இவரைப் ‘பியர் டியூட்டர்’ என்கிறார்கள். நாம் துணைப் பயிற்றுநர் என்று சொல்லலாம். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இதனால் வரும் நன்மை எல்லோருக்கும் தெரியும். சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. “என் பிள்ளை தன் படிப்பைப் பார்க்க வேண்டாமா?” என்று பெற்றோர் கேட்பதும் அதனால்தான். இந்த மாதப் பாடம் அந்தக் கேள்விக்கான பதில்.

1. நம் மரபில் இது புதிதல்ல

உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் புறநகரான அவாலீ பகுதியில் குடியிருந்தார்கள். தினமும் நபி (ஸல்) அவர்களின் சபைக்கு வர இயலவில்லை. பக்கத்து வீட்டு அன்சாரித் தோழர் ஒருவரோடு முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் இவர் போவார், மறுநாள் அவர் போவார். போனவர் அன்று கேட்டதைத் திரும்பி வந்து மற்றவருக்குச் சொல்வார். புகாரியின் கல்வி அத்தியாயத்தில் இந்தச் செய்தி இருக்கிறது. இருவருமே மாணவர்கள், இருவருமே ஆசிரியர்கள். ‘இன்று கேட்டதை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும்’ என்ற எண்ணத்தோடு உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

பின்னாளில் மதரஸாக்களில் இதற்கென்றே ஒரு பதவி இருந்தது. முதர்ரிஸ் பாடம் நடத்தி முடித்ததும், அதை மாணவர்களுக்குத் திரும்ப விளக்கிப் புரியவைப்பவருக்கு ‘முஈத்’ என்று பெயர். 1234-இல் பக்தாதில் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் நான்கு மத்ஹபுகளுக்கும் இடம் இருந்தது. ஒவ்வொரு மத்ஹபுக்கும் 62 மாணவர்கள், ஒரு முதர்ரிஸ், நான்கு முஈதுகள் என்று ஏற்பாடு. ஓர் ஆசிரியருக்கு நான்கு துணை விளக்குநர்கள்! பாடம் நடத்துவது ஒரு வேலை, அது மாணவன் மனத்தில் இறங்கியதா என்று பார்ப்பது வேறொரு வேலை என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

நம் அரபி மதரஸாக்களில் இன்றும் ‘தக்ரார்’ நடக்கிறது. பகலில் உஸ்தாத் நடத்திய கிதாபை இரவில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து திருப்புவார்கள். ஒருவர் வாசித்து விளக்குவார், மற்றவர்கள் இடைமறித்துக் கேட்பார்கள். மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஒன்று தெரியும். தக்ராரில் உட்கார்ந்து கேட்ட பாடத்தைவிட, தக்ரார் நடத்திய பாடம்தான் முப்பது ஆண்டு கழித்தும் நினைவில் நிற்கிறது. நான் ஓதிய நஹ்வுப் பாடங்களில் இன்றும் தடுமாறாமல் சொல்ல வருபவை, தோழர்களுக்கு நான் திருப்பிச் சொன்னவைதான்.

2. சென்னையிலிருந்து உலகுக்கு

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் இதே வழக்கம் இருந்தது. மூத்த மாணவன் ‘சட்டாம்பிள்ளை’யாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பான். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் மேற்பார்வைக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தன் இல்லத்திலும் கொண்டுவர விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர் அது நடக்காது என்று மறுத்துவிட்டார். பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். அவன் சின்ன வகுப்புக்கு எழுத்துகளைக் கற்றுக் கொடுத்துவிட்டான். பெல் 1797-இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரில் இந்த முறை இங்கிலாந்திலும் வேறு பல நாடுகளிலும் பரவியது.

கல்லூரி அளவில் இதை முறைப்படுத்தியதில் அமெரிக்கர்களின் பங்கு பெரியது. மூன்று நிகழ்வுகளை நாம் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, நியூயார்க். 1970-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், பள்ளி முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி பார்த்தவர்களும் பெருமளவில் சேர்ந்தார்கள். பலருக்கு எழுதத் தடுமாற்றம். ஆசிரியர்களைக் கொண்டு உதவி மையங்கள் அமைத்தபோது பிள்ளைகள் அங்கே போகத் தயங்கினார்கள். வகுப்பறையின் இன்னொரு வடிவமாகவே அது அவர்களுக்குத் தோன்றியது. புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியர் கென்னத் புரூஃபி, மாணவர்களையே பயிற்றுநர்களாக உட்காரவைத்தார். பிள்ளைகள் வந்தார்கள். உதவி பெற்றவர்களோடு உதவி செய்தவர்களின் எழுத்தும் சேர்ந்து மேம்பட்டதை அவர் கண்டார்.

இரண்டாவது, கன்சாஸ் சிட்டி. 1973-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டியான்னா மார்ட்டின் என்பவர் ஒரு திட்டம் தொடங்கினார். ‘பலவீனமான மாணவர்’ என்று யாரையும் தனியாகப் பிரிக்கவில்லை. அதிகம் பேர் தோற்கும் ‘கடினமான பாடம்’ எது என்று பார்த்து, அந்தப் பாடத்துக்குத் துணை வகுப்பு வைத்தார். யார் வேண்டுமானாலும் வரலாம். முன்பே தேறிய மாணவர் மீண்டும் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்து கவனித்து, பிறகு துணை வகுப்பை நடத்துவார். யாருக்கும் முத்திரை குத்தாததால் வெட்கம் தடையாக இருக்கவில்லை.

மூன்றாவது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி. 1970-களில் அங்கே நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றார்கள். ஊக்கமில்லை, குடும்ப ஆதரவில்லை என்று ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வாளர் மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று அவர்கள் கூடவே இருந்து பார்த்தார். அந்தப் பிள்ளைகள் உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ படித்ததைக் கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சரிபார்த்தார்கள். பிறகு டிரைஸ்மன் கடினமான கணக்குகளைக் குழுவாகச் செய்யும் பட்டறைகளை ஏற்படுத்தினார். அவற்றில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் நிலை வெகுவாக உயர்ந்தது. ‘நம் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது’ என்று நம்மிடையே பேசுபவர்கள் இந்தச் செய்தியை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்க வேண்டும்.

3. அறிவில் வளர்ச்சி: ‘ஏன்’ என்ற கேள்வி

ஓர் எடுத்துக்காட்டு. பி.காம். இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் முதலாண்டுப் பையனுக்கு வங்கிச் சரிகட்டும் பட்டியல் சொல்லிக் கொடுக்கிறார். ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு ரூ.10,000. வியாபாரி ஒருவருக்கு ரூ.2,000-க்குக் காசோலை கொடுத்தாயிற்று, அவர் இன்னும் வங்கியில் போடவில்லை. “ரொக்க ஏட்டு இருப்போடு இந்த ரெண்டாயிரத்தைக் கூட்டணும்” என்கிறார் மூத்தவர்.

“ஏண்ணே கூட்டணும்? செக் குடுத்துட்டோம், பணம் போயிருச்சு. கழிக்கத்தானே வேணும்?”

மூத்தவர் தேர்வில் இதைச் சரியாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர். ‘கொடுத்த காசோலை முன்னிலைப்படுத்தப்படவில்லை என்றால் கூட்டு’ என்பது அவருக்கு மனப்பாடம். ஏன் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது யோசித்தாக வேண்டும். காசோலை எழுதிய அன்றே நம் ஏட்டில் கழித்துவிட்டோம். அதனால்தான் நம் ஏட்டில் பத்தாயிரம். வங்கிக்கு அந்தக் காசோலை வந்தே சேரவில்லை. அதன் கணக்கில் பன்னிரண்டாயிரம் அப்படியே இருக்கிறது. நாம் கண்டுபிடிக்கப் போவது வங்கி காட்டும் தொகையை. ஆகவே நாம் கழித்ததைத் திருப்பிக் கூட்டினால்தான் அந்தத் தொகை வரும்.

இதைச் சொல்லி முடிக்கும்போது பையனுக்குப் புரிந்தது. மூத்தவருக்கும் அன்றுதான் புரிந்தது. இனி அவர் கூட்டல், கழித்தல் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த நிகழ்வு எந்த ஏட்டில் ஏறியிருக்கிறது, எதில் ஏறவில்லை என்று பார்த்தால் விடை தானே வரும்.

ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. ஃபியோரெல்லா, மேயர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ‘பிறகு சொல்லிக் கொடுக்க வேண்டும்’ என்ற எண்ணத்தோடு படித்தவர்கள் உடனே வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். உண்மையிலேயே சொல்லிக் கொடுத்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலும் நன்றாகச் செய்தார்கள். தயாரிப்பு கொஞ்சம் உதவுகிறது, சொல்லிக் கொடுப்பதுதான் பாடத்தை நிலைக்கவைக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ரோஸ்கோ, சீ என்ற ஆய்வாளர்கள் 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான மாணவப் பயிற்றுநர்கள் தமக்குத் தெரிந்ததை அப்படியே ஒப்பிப்பதோடு நின்றுவிடுகிறார்கள், அப்படிச் செய்பவர்கள் பெறும் பயன் குறைவு என்று கண்டார்கள். சொல்லும்போதே ‘இது எனக்குச் சரியாகப் புரிந்திருக்கிறதா?’ என்று தன்னைச் சோதிப்பவரும், எதிரில் இருப்பவரின் கேள்வியை மதித்து யோசிப்பவரும்தான் வளர்கிறார்கள். மேலே சொன்ன மாணவர் “அப்படித்தான் போடணும், எழுதிக்கோ” என்று முடித்திருந்தால் இருவருக்கும் நஷ்டம்.

4. காதில் வளர்ச்சி: கேட்கப் பழகுதல்

நபி (ஸல்) அவர்கள் ஒரு சபையில், முஸ்லிமுக்கு உவமையாக இருக்கும் ஒரு மரம் எது என்று கேட்டார்கள். எல்லோரும் பாலைவனத்து மரங்களை எண்ணினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களுக்குப் பேரீச்ச மரம் என்று விடை தோன்றியது. அங்கிருந்தவர்களில் தாம் வயதில் சிறியவர் என்பதால் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். பிறகு தந்தை உமர் (ரலி) அவர்களிடம் சொன்னபோது, நீ அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்தார்கள்.

துணைப் பயிற்றுநருக்கு இதில் இரண்டு பாடங்கள். ஒன்று, கேள்வி கேட்டுச் சிந்திக்கவைப்பது நபிவழி. இன்னொன்று, பேசாமல் இருப்பவன் தெரியாதவன் என்று முடிவு கட்டக் கூடாது. விடை மனத்தில் இருந்தும் வெட்கத்தால் வாயடைத்துப் போயிருக்கலாம்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஒரு குறை உண்டு. மற்றவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவார்கள். துணைப் பயிற்றுநராக ஓராண்டு இருந்தால் அந்தப் பழக்கம் குறையும். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி பொறுத்திருக்கப் பழக வேண்டும். ‘புரியுதா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘புரியுது’ என்றுதான் தலையாட்டுவார்கள் என்பது விரைவில் தெரிந்துவிடும். ‘நீ ஒரு தடவை எனக்குச் சொல்லு’ என்று கேட்கப் பழகுவார்கள். தவறான விடையைக் கேட்டதும் ‘தப்பு’ என்று வெட்டாமல், ‘இந்த விடை எப்படி வந்துச்சு?’ என்று கேட்கக் கற்றுக்கொள்வார்கள். தவறு எந்தப் படியில் நுழைந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

இந்தப் பழக்கம் கல்லூரியோடு முடிவதில்லை. விஸ்கான்சின், மார்க்கெட், மெயின் ஆகிய மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவப் பருவத்தில் எழுத்துப் பயிற்றுநர்களாக இருந்த 126 பேரிடம் விவரம் கேட்டு 2010-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பட்டம் பெற்றுப் பல்வேறு தொழில்களுக்குப் போனவர்கள் அவர்கள். அந்த அனுபவத்திலிருந்து தாம் எடுத்துச் சென்றவையாக, கவனமாகக் கேட்கும் திறன், தன்னம்பிக்கை, பிறரோடு இணைந்து வேலை செய்யும் பக்குவம் போன்றவற்றைக் குறிப்பிட்டார்கள். வேலைக்கான நேர்முகத்தில் கேட்கப்படுவதும் இவைதான். நல்ல கணவனாக, மனைவியாக, பெற்றோராக இருப்பதற்கு வேண்டியவையும் இவைதான்.

5. நஃப்ஸில் வளர்ச்சி: பெருமை, பொறுமை, அமானிதம்

கல்வி மனிதனை உயர்த்தும். பெருமையையும் கொண்டுவரும். ‘எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது’ என்ற எண்ணத்தை ஷைத்தான் எளிதாக ஊதிப் பெரிதாக்குவான். துணைப் பயிற்றுநர் வேலையில் இதற்கு மருந்தும் இருக்கிறது. நம்மால் பதில் சொல்ல முடியாத கேள்வியை முதலாண்டுப் பையன் கேட்கும் நாள் கட்டாயம் வரும். அன்று இரண்டு வழிகள் இருக்கும். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். ‘எனக்குத் தெரியல தம்பி, கேட்டுட்டு வந்து சொல்றேன்’ என்றும் சொல்லலாம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பலவற்றுக்குத் ‘தெரியாது’ என்றே பதில் சொன்ன செய்தி அறிஞர்களிடையே பிரபலமானது. மதீனாவின் இமாமுக்கே அது இழுக்கில்லை என்றால், நம் பிள்ளைகளுக்கு என்ன இழுக்கு?

பொறுமைக்கு ‘அபஸ’ சூராவை நினைவுகொள்வோம். குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்றுக்கொள்ளும் ஆவலோடு வந்தார்கள். அவர்களை விட்டு முகம் திரும்பியது குறித்து அல்லாஹ் தன் தூதருக்கே அறிவுரை இறக்கினான். தேடி வந்தவரின் தகுதியையும் அவர் வந்த நேரத்தையும் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்ற பாடம் கியாமத் வரை ஓதப்படும். ஒரே கணக்கை நான்காவது தடவை கேட்கும் தம்பியிடம் நம் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது ஒரு தர்பிய்யத்.

அமானிதம் மூன்றாவது. சொல்லிக் கொடுக்க உட்காரும்போது அந்தப் பிள்ளையின் அரியர், வீட்டு நிலை, ஆங்கிலத்தில் உள்ள தடுமாற்றம் எல்லாம் தெரியவரும். அவற்றை நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வது துரோகம். இருபது வயதில் ஒருவரின் குறையைப் பொத்திவைக்கப் பழகியவர், நாளை மருத்துவராகவோ வக்கீலாகவோ ஜமாஅத் நிர்வாகியாகவோ வந்தால் மக்கள் அவரை நம்பலாம்.

6. எல்லை எங்கே?

உதவி என்ற பெயரில் கெடுதலும் நடக்கும். அசைன்மென்ட்டைத் தானே எழுதிக் கொடுப்பது, ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதக் கொடுப்பது, தேர்வுக்கு முந்தைய இரவில் ‘இந்த ஐந்து கேள்வி படி’ என்று குறித்துக் கொடுப்பது ஆகியவை அந்தப் பிள்ளையின் காலை ஒடிப்பதற்குச் சமம்.

ஒருவர் பள்ளிவாசலுக்குள் வந்து அவசரமாகத் தொழுதார். நபி (ஸல்) அவர்கள் திரும்பப் போய்த் தொழச் சொன்னார்கள். மூன்று தடவை இப்படி நடந்தது. இதைவிட நன்றாக எனக்குத் தொழத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்ற கருத்தில் அவரே கேட்டார். அப்போது ஒவ்வொரு நிலையாக விளக்கிச் சொன்னார்கள். முதலில் செய்து பார்க்க விட்டார்கள், தேவையை அவரே உணர்ந்து கேட்டதும் படிப்படியாகக் கற்றுக் கொடுத்தார்கள். பேனா எப்போதும் கற்றுக்கொள்பவர் கையில்தான் இருக்க வேண்டும்.

இன்னோர் எல்லை நேரம். வாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தன் மாதிரித் தேர்வு வாரத்தில் ஒரு வகுப்பை ஒத்திவைப்பதில் தவறில்லை, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சகோதரிகளுக்குச் சகோதரிகளே சொல்லிக் கொடுக்கட்டும். இடம் கல்லூரி நூலகமோ நம் அலுவலகக் கூடமோ, எல்லோர் பார்வையிலும் இருக்கட்டும். மனக்கஷ்டம், வீட்டுப் பிரச்சினை என்று பாடத்தைத் தாண்டிய பாரங்கள் வந்தால், கல்லூரி ஆலோசகரிடமோ பொறுப்பான பெரியவரிடமோ அழைத்துப் போகலாம். இருபது வயதுப் பிள்ளை எல்லாச் சுமையையும் தூக்க வேண்டியதில்லை.

7. ஒரு மணி நேரத்தை எப்படி நடத்துவது?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஓர் ஏற்பாடு:

1. முதல் 5 நிமிடம்: சலாம், நலம் விசாரிப்பு, சென்ற வாரப் பாடத்தில் எது புரியவில்லை என்ற கேள்வி.
2. அடுத்த 10 நிமிடம்: வந்தவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும், ஒரு கணக்கைச் செய்து காட்டட்டும். பயிற்றுநர் குறுக்கிடாமல் கவனிக்க வேண்டும்.
3. அடுத்த 20 நிமிடம்: தடுக்கும் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு விளக்குதல். முதலில் தமிழில், பிறகு அதே கருத்துக்குப் பாடப் புத்தகத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களோடு. தேர்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர் சொற்களையும் பழக வேண்டும்.
4. அடுத்த 20 நிமிடம்: அதே வகையில் புதுக் கணக்கு அல்லது கேள்வி. வந்தவரே செய்யட்டும்.
5. கடைசி 5 நிமிடம்: இன்று கற்றதை அவர் வாயால் சொல்லக் கேட்டல், அடுத்த நாள் குறித்தல்.

பயிற்றுநர் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு வரி போதும்: ‘இன்று என்னால் விளக்க முடியாமல் போனது எது? அதை எப்படித் தெரிந்துகொண்டேன்?’ ஆண்டு முடிவில் அந்த நோட்டைப் புரட்டினால் தன் வளர்ச்சி தனக்கே தெரியும்.

8. நம் அறக்கட்டளை என்ன செய்யப் போகிறது?

நிர்வாகக் குழுவில் இதைப் பேசியபோது, உதவித்தொகை பெறும் மூத்த மாணவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நல்ல நோக்கத்தில் சொன்னதுதான், எனக்கு உடன்பாடில்லை. உதவித்தொகையின் பெரும்பகுதி ஜகாத் நிதி. ஜகாத் அதைப் பெறுபவரின் உரிமை, அதற்கு ஈடாக ஒரு வேலையை வாங்குவது முறையல்ல. உழைத்துத் தந்தால்தான் பணம் என்றால் அது கூலியாகிவிடும், ஜகாத்தாக இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. கட்டாயத்துக்கு வந்து உட்காருபவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்துவிட்டுப் போவார். இதுவரை சொன்ன வளர்ச்சி எதுவும் அவருக்குக் கிடைக்காது.

ஆகவே இது முழுக்க விருப்பத்தின் பேரில். உதவித்தொகை பெறுபவரும் பெறாதவரும் சேரலாம். வருபவர்களின் பஸ் கட்டணத்தையும் தேநீர்ச் செலவையும் ஜகாத்தைத் தொடாமல் பொது நன்கொடைக் கணக்கிலிருந்து கொடுப்போம். ‘மக்கு மாணவர்களுக்கான வகுப்பு’ என்று யாரும் பேச இடம் தராமல், அரியர் அதிகம் விழும் பாடங்களைத் தேர்ந்து அந்தப் பாடத்தின் பெயரிலேயே வகுப்பை அறிவிப்போம். கற்றலையும் கற்பித்தலையும் ஒன்றாக இணைத்துச் சிறப்பிக்கும் நபிமொழி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதைச் செயலில் காட்ட இளைஞர்களுக்கு இது ஒரு வாய்ப்பு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை வாரம் இரண்டு மணி நேரம் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தால், அந்த நேரம் அதன் படிப்பிலிருந்து கழிவதில்லை. முதலாண்டுப் பாடத்தின் அடித்தளம் உறுதிப்படுகிறது, வாய் திறந்து விளக்கப் பழகுகிறது, பொறுமை வருகிறது. வங்கிக் கணக்கில் செய்தது போல, இங்கேயும் கழித்தாக நீங்கள் எண்ணியதைக் கூட்டித்தான் போட வேண்டும்.

குடும்பத்தோடு உட்கார்ந்து பேச:

1. நீங்கள் கடைசியாக ஒருவருக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தது எப்போது? அப்போது உங்களுக்குப் புதிதாகப் புரிந்தது என்ன?
2. உமர் (ரலி) அவர்களும் பக்கத்து வீட்டாரும் செய்த முறையை உங்கள் தெருவில், விடுதியில், வகுப்பில் எப்படிச் செயல்படுத்தலாம்?
3. ‘தெரியாது’ என்று சொல்ல நம்மைத் தடுப்பது எது?
4. உங்கள் பிள்ளை அசைன்மென்ட்டில் நண்பனுக்கு உதவுகிறானா, எழுதியே கொடுக்கிறானா?

நமக்குப் பயன் தரும் கல்வியையும், கற்றதைப் பெருமையின்றிப் பகிரும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்